தொட்டியின் அடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோழிக் கொட்டகைப் படம் வந்தது. கூடவே ஒரு வரி இருக்கும் என்று தேடினேன், இல்லை. வேலை இருந்திருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டி நிறையத் தீவனம், ஆனால் முக்கால்வாசி மாவு. குருணையை எல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டு மாவை விட்டுவிட்டன. நீ அதன் மேலேயே புதுசைக் கொட்டுகிறாய். இல்லையா?

கண்ணு, அலகில் அகப்படும் பருமனைத்தான் கோழி முதலில் பொறுக்கும். வைட்டமினும் தாது உப்பும் தூளாக அடியில் தங்கிவிடும். நாளைக்கு 110 கிராம் தின்கிற கோழிக்கும் அப்புறம் சத்துக் குறைவுதான். மத்தியானம் ஒருமுறை தொட்டி காலியாகட்டும், மாவையும் வழித்துத் தின்னும். காலியானதும் போட்டுவிடு, பட்டினி போடாதே.

சாயங்காலம் சுண்ணாம்புக்கல் குருணை வை. 2 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். முட்டைக்கு ஓடு கட்ட 20 மணி நேரம் போல ஆகும், அதில் பெரும்பகுதி இரவில். அப்போது கோழி தின்னாது. தூள் சீக்கிரம் கரைந்து போய்விடும். குருணைதான் வயிற்றில் தங்கி விடிய விடியக் கரையும்.

இரண்டு கோழிக்கு முதுகில் இறகே இல்லை, பார்த்தாயா? மாவு மிஞ்சாது, குச்சி குச்சியாக அழுத்திய தீவனம் போடு என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. சட்டென்று தின்று முடித்துவிட்டு, மிச்ச நேரம் ஒன்றையொன்று கொத்தும். மாவு விஷயத்தை முதலில் பார். தொட்டி காலியாகட்டும்.

இத்தனை கோழியை என் மகள் தனியாளாகப் பார்க்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அவளோ நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது பழைய கொட்டகையில் வரிசையாக ஓடில்லாத தோல்முட்டை விழுந்ததே. கிளிஞ்சல் வைக்க மறந்தாய் என்று எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். நீ மறக்கவில்லை. கிளிஞ்சலையும் அரவையில் போட்டு மாவாக்கி வைத்திருந்தது நான். சல்லடையை மாற்றித் தீவனத்தை நைசாக அரைத்ததும் நான்தான். மறுநாள் தொட்டியைக் கழுவக் கவிழ்த்தேன். அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் மாவு கெட்டித்துக் கிடந்தது. அப்போதே புரிந்துவிட்டது. நீ வாசலில் பாடம் படித்துக்கொண்டிருந்தாய். உன்னைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷமாகவும் சொல்லவில்லை. முட்டை குறைந்தால் நீ என்னிடம் வாய் திறக்காதது அதனால்தானோ?

தப்பு என்னுடையது அம்மா.

இன்றைக்குத் தொட்டியின் அடி வரை கையை விட்டுப் பார். எத்தனை விரல் மாவு என்று எழுது. படம் வேண்டாம், எழுது.

அப்பா