அம்முவுக்கு, அந்த ஜம்ப் வீடியோவைப் பற்றி

அம்மு,

நீ சைக்கிளில் ஜம்ப் பண்ணி அனுப்பிய வீடியோவை இன்றைக்கும் பார்த்தேன். ஓடுவது பதினொரு விநாடிதான், ஆனால் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால் எனக்கு ஒரு சாயங்காலமே போய்விடுகிறது. நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கே பதில் போட்டேன், அது பொய் இல்லை. ராம்ப்பில் ஏறும்போது உன் கண் முன்சக்கரத்தில் இல்லை, இறங்கப்போகிற இடத்தில் இருந்தது. அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை, உனக்குத் தானாக வந்திருக்கிறது. மற்ற சிலதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன். நீயும் அதற்கப்புறம் மூன்று வாரமாக ஜம்ப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அதற்கு முன்னால் வேறு பேச்சே இருக்காது. வேலை அதிகம் என்கிறாய். சரி, இருக்கும்.

முதலில் பெடல். சீட்டை நன்றாக இறக்கிவிட்டு, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நிற்க வேண்டும், எடை முழுக்கக் காலில், கையில் கனமே இருக்கக் கூடாது. உனக்கு இடது கால் கீழே தொங்கியது. அப்புறம் ராம்ப்பில் ஏறும்போது பிரேக்கைத் தொடாதே. என்ன வேகம் என்பதை அதற்கு முன்பே சமதளத்தில் முடிவு செய்துகொள், சந்தேகம் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி வா, ஏறின பிறகு யோசிக்காதே.

பெரிய தப்பு விளிம்பில்தான் நடந்தது. வளைவில் ஏறும்போது உடம்பு கனமாகிறது இல்லையா, அந்தக் கனத்தின் மேல் காலை ஊன்றி நிற்க வேண்டும். வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் முழங்காலும் இடுப்பும் மடங்கி இருக்கட்டும், விளிம்பு நெருங்க நெருங்கப் பெடலை அழுத்தியபடி நிமிர்ந்து வா, பின்சக்கரம் விளிம்பை விடும்போது நீ நிமிர்ந்து முடித்திருக்க வேண்டும். நீ விளிம்பு வந்ததும் பயந்து காலை மடக்கிவிட்டாய். அந்த நேரத்தில் முன்சக்கரம் காற்றில் இருக்கிறது, பின்சக்கரம் இன்னும் ராம்ப்பில் இருக்கிறது, ராம்ப் அதை மேலே உதைக்கிறது, எதிர்த்து அழுத்தக் கால் இல்லை. பின்பக்கம் தூக்கி முன்பக்கம் குத்துவது அதனால்தான். உடனே ஹேண்டில்பாரை இழுத்தாய். கை அந்த வேலையைச் செய்யாது அம்மு, இழுத்தால் வண்டி கோணலாகிவிடும், ஆள் விறைத்துப்போய் வண்டியோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே போவார். அதற்கு டெட் செய்லர், செத்த மாலுமி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பயத்தில் பின்னால் ரொம்பத் தள்ளி உட்காராதே, அதுவும் ஆகாது, நடுவில் நில்.

காற்றில் பின்பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் மூக்கு இறங்கும் என்று படித்தேன், நம்பிக்கை வரவில்லை. உன் பழைய சைக்கிளை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், அம்மா பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தினாள், சக்கரத்தின் சுழற்சி முழுக்க வண்டிக்கு வந்து முன்பக்கம் வெடுக்கென்று கீழே போனது. மூக்கு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும்போது பயத்தில் விரல் பிரேக்குக்குப் போனால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை.

கிளிப் பெடலைக் கொஞ்ச நாள் கழற்றி வை. ஷூ பெடலோடு மாட்டிக்கொண்டிருந்தால் வண்டியைக் காலோடு இழுத்துத் தூக்கிவிடலாம், எழும்பின மாதிரியே இருக்கும், எழும்பக் கற்றிருக்க மாட்டாய். தட்டைப் பெடலில் பன்னி ஹாப், அதாவது ராம்ப் இல்லாமல் சமதளத்திலேயே வண்டியோடு எழும்புவது, வந்த பிறகு மாட்டிக்கொள். அதற்கும் முன்னால் மேடும் பள்ளமுமாக இருக்கிற பம்ப் டிராக்கில் ஒரு சுற்று பெடல் மிதிக்காமல் வர முடிகிறதா என்று பார். மேட்டில் ஏறும்போது உடம்பை இலேசாக விட்டு இறக்கத்தில் அழுத்தி அழுத்தியே வேகம் எடுக்க வேண்டும், ஜம்ப்புக்கு வேண்டிய கால் அங்கேதான் பழகும். பெடல் இரண்டும் ஒரே மட்டம், அங்கேயும்.

டேபிள்டாப்பில் மட்டும் குதி. நடுவில் மண் நிரப்பியிருக்கும், தூரம் பத்தாவிட்டால் மேலே தட்டையிலேயே இறங்குவாய், உடம்பு அதிரும், அதோடு போகும். நடுவில் பள்ளம் விட்டதில் தூரம் பத்தாவிட்டால் பின்சக்கரமோ முன்சக்கரமோ எதிர் மேட்டின் முனையில் மோதும். நீ குதித்தது எது என்று தெரியவில்லை. இறங்கும் சரிவுக்குப் பொருந்தும்படி வண்டியைச் சாய்த்தாயா, கையும் காலும் நீண்டிருந்து பட்டவுடன் மடங்கியதா, அதுவும் தெரியவில்லை. நீ மேலே இருக்கும்போதே வீடியோ முடிந்துவிடுகிறது.

ஹெல்மெட் எதிலாவது மோதியிருந்தால் தூக்கிப் போட்டுவிடு. உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவை நசுங்கினால் மறுபடி காப்பாற்றாது, வெளியே கீறல்கூட இருக்காது. முகத்தையும் மூடுகிற ஃபுல்ஃபேஸாக வாங்கு. ரீபவுண்ட், அமுங்கின சஸ்பென்ஷன் திரும்பி விரிவது, ரொம்ப வேகமாக இருந்தால் சஸ்பென்ஷனே விளிம்பில் உன்னை உதைத்துத் தள்ளும், அதையும் பார். பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன் இல்லையா.

உன்னை நிறுத்தச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ரெட் புல் ராம்பேஜ் என்கிற மலைச் சைக்கிள் போட்டி 2001-இல் ஆரம்பித்தது, 2024-இல்தான் முதல் தடவையாகப் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள், நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் ஜெயித்தார். யூட்டாவில் அந்தச் செம்மண் மலை விளிம்பிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், நம்ம அம்முவும் இதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. பெருமையை எல்லாரிடமும் சொல்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. நீயும் எதையும் எங்களிடம் சொல்வதில்லை, மூன்றாவது ஆளிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை இடது கையில் பிடித்திருந்தாய். முடியை ஒதுக்கவும் போனைக் கீழே வைத்துவிட்டு அதே இடது கையால் ஒதுக்கினாய். வலது கை ஒரு தடவைகூடத் திரைக்குள் வரவில்லை.

கீழே விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு உடையலாம். பெரிய வீக்கம் இருக்காது, சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டுவைத்து இரண்டு வாரம் போல் கழித்து மறுபடி எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் போகிறது, நடுவில் உடைந்தால் மறு பாதிக்கு வரத்து நின்றுபோய் அது செத்தும் போகலாம். விட்டுவிட்டால் கூடாமலே போய்ப் பின்னால் மூட்டுத் தேய்ந்துவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டது அம்மு.

அந்த நீலப் பலகைக் கதையை நம் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரிப்போம், செங்கல்லில் சாய்த்து நீ சைக்கிளில் குதித்தது, நான் கத்தி அதை இரண்டாக உடைத்தது. அடுத்த மாதம் கை வீங்கி நீ இரண்டு நாள் மறைத்ததையும், சரியான அழுத்தக்காரி என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. முதல் நாள் சாயங்காலமே எனக்குத் தெரியும். பொத்தானை ஒற்றைக் கையால் போட முடியாமல் நீ திணறுவதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மறுபடி சைக்கிளில் விழுந்திருக்கிறாள் என்று புரிந்தது. அவளே வந்து சொல்லட்டும், பேச்சைக் கேட்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு ராத்திரி நீ அந்தக் கையோடு படுத்தாய். எலும்பில் விரிசல் என்று டாக்டர் சொன்னபோது அப்போதுதான் தெரிந்தவன் போல நின்றேன், அம்மாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. உனக்கு எட்டு வயது. அடிபட்டால் வீட்டில் சொல்லக் கூடாது என்று நீ கற்றுக்கொண்டது என்னிடமிருந்துதான்.

இந்தத் தடவையும் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன், இன்றைக்கு வியாழக்கிழமை. நாலு நாளாகப் பெடலைப் பற்றி எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

வலது கட்டைவிரலை நன்றாக விரித்துப் பார், மணிக்கட்டுப் பக்கம் அடியில் ஒரு குழி விழும். இடது கை விரலால் அங்கே அழுத்து. வலித்தால் நாளைக்கே போய்க் காட்டு, ஏற்கெனவே ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும் மறுபடி போ. வலிக்காவிட்டாலும் போ. கத்த மாட்டேன், சத்தியமாகக் கத்த மாட்டேன், வண்டியை விற்கச் சொல்லவும் மாட்டேன். போன் பண்ணு. முகத்தைக் காட்ட வேண்டாம் என்று தோன்றினால் குரல் போதும், எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

வீடியோவின் மீதி இருந்தால் அனுப்பு. இறங்கியதையும் பார்க்கிறேன்.

அப்பா