மாயா பஜாரிலிருந்து தொடங்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. அம்மாவுக்குக் காது மந்தம், ஆனாலும் பாடகி பி. லீலா பாட்டு என்றால் மட்டும் தலையாட்டுகிறாள்.

பேத்தி லீவுக்கு வருகிறாள், எப்போதும் போனைப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன படம் காட்டுவது என்று கேட்டிருக்கிறாய். யோசிக்கவே வேண்டாம். 1957-இல் வந்த மாயா பஜார். போன மாதம் மறுபடி போட்டுப் பார்த்தேன், பாதியில் எழுந்திருக்க மனசே வரவில்லை.

கல்யாண சமையல் சாதம் பாட்டு எல்லாருக்கும் தெரியும். திருச்சி லோகநாதன் குரலும் கடோத்கஜனாக வரும் ரங்காராவின் தொந்தியும் சேர்ந்தால் யாருக்குத்தான் பசிக்காது! ஆனால் நீ இந்தத் தடவை சாவித்திரியைக் கவனி. கடோத்கஜன் கல்யாணப் பெண் வத்சலாவாக உருமாறி வந்த பிறகு, பெண் வேஷத்தில் இருக்கும் அரக்கனாக அந்த அம்மா நடிக்கவேண்டும். நடை திடுதிடுவென்று மாறும், தோள் நிமிரும், யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று நாணம் வந்துவிடும். மணமேடையில் மாப்பிள்ளையாக வரும் தங்கவேலுவின் காலை மிதிக்கிற இடத்தில் உன் பேத்தி சிரிக்கவில்லை என்றால் எனக்கு எழுது!

மகாபாரதக் கதைதான், ஆனால் பஞ்சபாண்டவர் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? கிருஷ்ணன் இருக்கிறான், அபிமன்யு இருக்கிறான், சகுனி இருக்கிறான். அந்த ஐந்து பேர் இல்லாதது நமக்கு உறைப்பதே இல்லை. இயக்குநர் கே.வி. ரெட்டி அப்படிக் கதையைக் கொண்டுபோகிறார். அப்புறம் அந்த மாயமெல்லாம் எதற்குப் பயன்படுகிறது பார். ஒரு கல்யாணத்தை நிறுத்த, இன்னொரு கல்யாணத்தை நடத்த. கம்பளமும் கட்டிலும் வந்த விருந்தாளியைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் நம் வீட்டுச் சம்பந்திச் சண்டை மாதிரியே இருக்கும். கடைசியில் சகுனியும் சும்மா ஒரு மாயப் பெட்டிமேல் ஏறி நின்றதும், மனசில் இருக்கிற உண்மையெல்லாம் தானாக வாயில் வந்துவிடுகிறது. வில்லனை முடிக்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரியவில்லை.

2010-இல் இதே படத்தின் தெலுங்கு வடிவத்துக்கு வண்ணம் பூசி வெளியிட்டார்கள். நீ கறுப்பு வெள்ளையிலேயே காட்டு. படகுப் பாட்டில் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி கொண்டுவந்த அந்த நிலவொளி அதில்தான் முழுசாகத் தெரியும்.

நமக்கு அம்புலிமாமா பத்திரிகை எவ்வளவு உயிர்! அதை 1947-இல் ஆரம்பித்த நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் மாயா பஜாரையும் தயாரித்தார்கள். குழந்தைக்கு மாதா மாதம் கதை சொல்லிப் பழகியவர்கள் எடுத்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. குழந்தைதானே, எதைக் காட்டினாலும் பார்க்கும் என்கிற அலட்சியம் எங்கேயும் கிடையாது. இப்போது வருகிற மாயாஜாலப் படங்களில் கிராஃபிக்ஸ் கொட்டிக் கிடக்கிறது. இந்த அக்கறையைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

அதே கம்பெனி 1951-இல் எடுத்த பாதாள பைரவியும் நல்ல படம். ஆனால் நேபாள மந்திரவாதியாக வரும் ரங்காராவைப் பார்த்துச் சின்னப் பிள்ளை ராத்திரி பயந்துகொள்ளும். இரண்டு வருஷம் போகட்டும்.

பட்டணத்தில் பூதம் காட்டலாம், 1967. ஜெய்சங்கரும் நாகேஷும் அடிக்கிற கூத்துக்கு நடுவே ஜீபூம்பா என்ற பூதமாக ஜாவர் சீதாராமன் வருவாரே, அந்தச் சிரிப்பு போதும். ‘அந்த நாள்’ என்ற படத்தில் அத்தனை அழுத்தமாகத் துப்பறிந்த அதே மனிதர்தான் இவர்!

டி.வி. தொடர் என்றால் என் ஓட்டு விக்ரம் அவுர் பேத்தாளுக்குத்தான். 1985-இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது, ராமானந்த் சாகர் எடுத்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாம் பார்த்தோமே. புரிந்துதானே பார்த்தோம்? அம்புலிமாமாவில் எல்லாக் கதையும் முன்பே படித்தாகிவிட்டது. ராஜா வாயைத் திறந்தானோ இல்லையோ, வேதாளம் முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும் என்று மொழி தெரியாமலே நமக்குத் தெரியும். பிறகு ராமாயணம் தொடரில் ராமராக வந்த நடிகர் அருண் கோவில்தான் அதில் விக்ரமன். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடக்கிறபோதெல்லாம் எனக்கு ஓவியர் சங்கர் வரைந்த படம்தான் ஞாபகம் வரும். உருவிய வாளும், தோளில் தொங்குகிற பிணமும், திரும்பிப் பார்க்கிற ராஜாவும்.

இப்போது பார்த்தால் தந்திரக் காட்சிகள் எளிமையாகத்தான் இருக்கும். அதனால் என்ன? ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியோடு நிற்கிறது. அங்கே படத்தை நிறுத்திவிட்டு, யார் செய்தது நியாயம் என்று பேத்தியிடம் கேள். விக்ரமன் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லட்டும். இப்படி உட்கார்ந்து வழக்காடுவதற்காகவே அந்தத் தொடரை மறுபடி பார்க்கலாம்.

மாயா பஜார் கொஞ்சம் நீளம். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு சாயங்காலமாகப் பிரித்துக்கொள். உன் கண்ணும் தாங்கவேண்டும். தை மாதம் மாயவரம் வரலாம் என்று இருக்கிறேன், அதற்குள் குழந்தை ஊருக்குத் திரும்பிவிடுவாளா என்று எழுது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு,
விஜி