கிளிஃப்டாப் கிளம்புமுன்

அன்புள்ள கண்ணம்மா,

ஆகஸ்டில் நீயும் உன்னவளும் மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போவதாக அம்மா சொன்னாள். மறந்துவிடுவேன் என்று இதை முதலில் எழுதுகிறேன்: வயலினைப் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெயில் சூட்டில் பசை இளகி, பக்கவாட்டு ஒட்டு விட்டுப்போகும். உன் பாஞ்சோவுக்கு எதிரி ஈரம்தான். மலையில் ராத்திரி பனி இறங்கினால் அதன் முகத்தில் கட்டிய தோல் தளர்ந்து சத்தம் அமுங்கும். பிளாஸ்டிக் தோலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அசல் கன்றுத்தோல் என்றால், ராத்திரி ஈரத்தில் தோலை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடாதே. மறுநாள் வெயிலில் தோல் தானாக இழுத்துக்கொண்டு கிழியும்.

கூடி வாசிக்கும் வட்டத்தில் உட்காரும்போது கவனிக்க வேண்டியது: இது ‘ஓல்ட்-டைம்’ என்கிற பழைய பாணி மலைநாட்டு இசை, ப்ளூகிராஸ் இல்லை, ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள், நடத்துவது வயலின். முதல் பகுதி இரண்டு முறை, அடுத்த பகுதி இரண்டு முறை, திரும்ப முதலிலிருந்து. நடத்துகிறவர் காலைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. ஒரு சுருதியில் ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்கூட அதிலேயே ஓடும், ஏனென்றால் மாற்றினால் பாஞ்சோக்காரர்கள் எல்லோரும் மறுபடி சுருதி கூட்ட வேண்டும்.

ஏ சுருதிக்கு: திறந்த ஜி-யில் (ஜி-டி-ஜி-பி-டி) இருந்தபடியே இரண்டாம் கட்டில் (ஃப்ரெட்) கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ, ஐந்தாம் கம்பியை ஏழாம் கட்டின் ஆணிக்கு அடியில் மாட்டு. டி-க்கு: நான்காம் கம்பியை டி-யிலிருந்து சி-க்கு இறக்கி, இரண்டாம் கம்பியை பி-யிலிருந்து சி-க்கு ஏற்று, கேப்போவும் ஐந்தாம் கம்பியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவள் வயலினை ஏ-ஈ-ஏ-ஈ ஆக்கும்போது கீழ்க்கம்பிகள் இரண்டும் ஒவ்வொரு சுரம் ஏறும். இழுவை கூடுவதால் மற்ற இரண்டும் கொஞ்சம் இறங்கும், அதனால் இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் தலையும் விரல்பலகைப் பக்கம் சாயும். இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நிமிர்த்தச் சொல். விட்டால் படாரென்று விழுந்துவிடும்.

நகத்தால் கம்பியைக் கீழ்நோக்கி அடித்து வாசிக்கும் கிளாஹேமரில் உனக்கு இடறுவது கட்டைவிரல். நகம் கம்பியில் இறங்கும் அதே கணத்தில் கட்டைவிரல் ஐந்தாம் கம்பியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், பிறகு நீங்க வேண்டும். நீ மேலேயே வைத்திருந்து கடைசியில் கொத்துகிறாய், அதனால்தான் தாளம் நொண்டுகிறது.

பழைய பாட்டில் ‘அவன்’ என்று வருவதை ‘அவள்’ என்று மாற்றிப் பாடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே என்பேன். வட கரோலினாவின் மாடிசன் கவுண்டிப் பக்கம் கதைப்பாட்டு பாடுகிறவர்கள் பெண்ணின் புலம்பலை ஆணும், ஆணின் பாட்டைப் பெண்ணும் சொல் மாற்றாமலே பாடி வந்திருக்கிறார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகியதை நாம் திருத்தினோமா என்ன? இன்னொரு சிக்கலும் உண்டு. கொலைப்பாட்டில் மூன்று பேர் இருந்து மூவரையும் ‘அவள்’ ஆக்கினால், யார் யாரை ஆற்றில் தள்ளினார்கள் என்றே தெரியாது, எதுகையும் உடையும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பாட்டைத் தெரியாத ஒருவரிடம் பாடிக் காட்டு. “செத்தது யார்?” என்று கேட்டால் பழையபடி பாடு. ‘நான்’, ‘நீ’ என்றே ஓடும் பாட்டுகள் ஏராளம், அவற்றில் எதையும் தொட வேண்டாம்.

அதே பாணியில் புதிதாக எழுதுவது இன்னொரு வழி. தென்மேற்கு வர்ஜீனியாக்காரரான சாம் க்ளீவ்ஸ், மாடிசன் கவுண்டியின் ஷீலா கே ஆடம்ஸிடம் கதைப்பாட்டு கற்றவர். மேற்கு வர்ஜீனியாவில் தன்பாலீர்ப்புள்ள சுரங்கத் தொழிலாளி ஒருவர் பட்ட துன்பத்தை வைத்து சாம் எழுதிய பாட்டின் பெயரே அவருடைய 2015 இசைத்தொகுப்புக்கும் பெயர். அதைத் தயாரித்தவர் கேத்தி ஃபிங்க். இசைக்கலைஞர் மார்சி மார்க்ஸரோடு வாழ்க்கையிலும் மேடையிலும் இணையாக இருப்பவர்.

ஜேக் பிளவுன்டை அவசியம் கேள். கறுப்பினத்தவர், குயர், பாஞ்சோவும் வயலினும் வாசிப்பவர். 2020-இல் வந்த ‘ஸ்பைடர் டேல்ஸ்’ தொகுப்பில் கறுப்பின, பூர்வகுடிக் கலைஞர்களிடமிருந்து வந்த மெட்டுகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார். கிளிஃப்டாப் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான், அதுவும் 2016-இல். விழா நடக்கும் முகாம் 1942-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகவே திறக்கப்பட்ட இடம், பாஞ்சோவின் வேரும் மேற்கு ஆப்பிரிக்காவில். இத்தனைக்கும் பிறகு இவ்வளவு தாமதம்! அதனால் ஒரு மெட்டை வாசிக்குமுன் யாரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லிவிட்டு ஆரம்பி. பெயர் தெரியாவிட்டால் வட்டத்தில் கேள், யாராவது சொல்வார்கள்.

நடனத்துக்கும் போவீர்கள்தானே. எதிரெதிர் வரிசையில் ஜோடியாக ஆடும் கான்ட்ரா நடனத்தில் ‘ஜென்ட்ஸ்’, ‘லேடீஸ்’ என்பதற்குப் பதிலாக இப்போது பல இடங்களில் ‘லார்க்’, ‘ராபின்’ என்று அழைக்கிறார்கள். சுழன்று நிற்கும்போது லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம். ஆங்கிலத்தில் இடம், வலம் என்பதன் முதலெழுத்துகள்தான் அவை. யார் எது என்று வரிசையில் நிற்குமுன்னே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். நடுவில் மாறினால் அடுத்த ஜோடி வந்து மோதும். பழைய அழைப்பு கேட்டாலும் குழம்பாதே, ‘ஜென்ட்’ என்றால் இடப்பக்கம் என்று வைத்துக்கொள்.

கூடாரத்துக்கடியில் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள், மழை பெய்தால் அங்கே சேறுதான். ஐந்தாம் கம்பி இரண்டு உபரியாக எடுத்துக்கொள். அவளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா