ஐஸ் முழுவதையும் என் காலுக்குக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஹாஷ் ஓட்டக்காரர்களுக்கு,

உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் மற்றவர்களுக்குக் கிரியோலில் சொல்லிவிடுங்கள். மொரீஷியஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷமாகியும், மனசு நிறைந்து நன்றி சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது.

ஹாஷ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1938-இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் சிலர் தொடங்கிய ஓட்டம் இது. அவர்கள் சாப்பிட்ட கிளப்பில் தினமும் ஒரே ருசி என்பதால் அந்த இடத்தை ‘ஹாஷ் ஹவுஸ்’ (மலிவான சாப்பாட்டுக் கடை) என்று கிண்டல் செய்வார்களாம். அந்தப் பெயரே ஓட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ‘முயல்’ என்று ஒருவர் முன்னாடியே போய் மைதா மாவைத் தூவித் தடம் போட்டு வைப்பார். மற்றவர்கள் ‘ஆன் ஆன்!’ என்று கத்திக்கொண்டே துரத்த வேண்டும். நடுநடுவே மாவில் ஒரு வட்டம் இருக்கும். அதோடு தடம் காணாமல் போய்விடும். வேகமாக ஓடுகிறவர்கள் நாலு திசையிலும் போய்த் தேடி, பொய்த்தடத்தில் மாட்டித் திரும்பி வருவதற்குள் என்னைப் போன்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவோம். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. அதனால்தான் ஐம்பத்தாறு வயதில் துணிந்து சேர்ந்தேன். 1950-இல் அவர்கள் எழுதி வைத்த நோக்கங்களில் ஒன்று, ‘மூத்த உறுப்பினர்களுக்கு அவர்கள் நினைக்கிற அளவு வயசாகிவிடவில்லை என்று நம்ப வைப்பது’. பீர் பற்றியும் ஒரு வரி உண்டு. எனக்கு அலூடா (சப்ஜா விதை போட்ட இந்த ஊர்க் குளிர்ந்த பால்) போதும்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோர் தெ கார்த் மலையடிவாரம், கரும்பு வெட்டு ஆரம்பித்திருந்த ஜூலை மாதம். கடைசி ஆளாக ஒரு வட்டத்துக்கு வந்தேன். பின்னால் வருகிறவர்களுக்காக நீங்கள் போட்டிருந்த அம்புக்குறி மேல் ஏதோ ஒரு டிராக்டர் ஏறிப் போயிருந்தது. நானாக இடது பக்கம் திரும்பினேன். முந்நூறு அடி போயிருப்பேன், கரும்புக்கு நடுவே இருந்த கற்குவியல் ஓரத்தில் கணுக்கால் மடங்கியது. (அந்தக் கற்களை நிலத்திலிருந்து பொறுக்கிக் குவித்தது அந்தக் காலத்தில் கூலிக்கு வந்த நம் ஆட்கள்தான். யாரைக் குறை சொல்வது?) எழுந்து நிற்க முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற மாதம் வேறு. கரும்புத் தோகை காற்றில் சரசரக்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வட்டத்தில் நீங்கள் வழி தேடிக்கொண்டு நின்ற அந்த நாலைந்து நிமிடத்தில்தான் ‘அக்கா எங்கே?’ என்று ஒரு தம்பி கேட்டாராம். பந்தயமாக இருந்திருந்தால் எல்லைக்கோடு தாண்டி, மெடல் வாங்கி, படம் எடுத்து முடியும்வரை யாருக்கும் என் ஞாபகம் வந்திருக்காது. விசில் ஊதிக்கொண்டே திரும்பி ஓடி வந்த அந்தத் தம்பிக்கும், கூட வந்த பிரெஞ்சுக்காரப் பெண்ணுக்கும் என் முதல் நன்றி. இரண்டு பேரும் கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி செய்து என்னை உட்கார வைத்துத் தூக்கினார்கள். நான் எழுபத்திரண்டு கிலோ. அந்தப் பெண் ஐம்பது இருந்தால் அதிகம்.

வண்டிப்பாதையில் காய்கறி வேனை நிறுத்தி ஏற்றிக்கொண்ட ஐயாவுக்கு அடுத்த நன்றி. சூசூ மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து, ‘பா திராகா, பா திராகா’ (கவலைப்படாதே) என்று வழியெல்லாம் தைரியம் சொன்னார். காசு வாங்க மாட்டேன் என்றதோடு என் மடியில் நாலு சூசூவையும் போட்டார். நம் ஊர் சௌசௌதான், ஐயா. மறுநாளே கூட்டு வைத்துவிட்டோம்.

அப்புறம் அந்த ஐஸ். ஓட்டம் முடிந்து நீங்கள் குடிக்கக் காத்திருந்த பீர்ப் பெட்டியிலிருந்து ஐஸ் முழுவதையும் அள்ளித் துண்டில் கட்டி என் காலில் வைத்தீர்கள். அன்றைக்கு எல்லோரும் வெதுவெதுப்பான பீர் குடித்தீர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ‘விழுந்த குற்றத்துக்காக’ என்னையும் விடாமல் பாட்டுப் பாடி ஒரு டம்ளர் அலூடாவை ஒரே மூச்சில் குடிக்க வைத்தது வேறு கதை. வலி மறந்து சிரித்தேன். அன்று சூட்டிய பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், எக்ஸ்ரே வரும்வரை இரவு பத்து மணிக்கும் கூடவே இருந்த தங்கைக்கு நன்றி. எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான் பிசகியிருந்தது. ‘இந்த வயசில் இதெல்லாம் தேவையா?’ என்று கேட்ட உறவினர் ஒருவருக்கு நன்றி இல்லை. ஒன்றும் கேட்காமல் மூன்று வாரம் சமைத்துப் போட்ட என் வீட்டுக்காரருக்கு உண்டு, ரசத்தில் உப்பு கூடியிருந்தாலும்.

அடுத்த மாத ஓட்டத்துக்குத் தடம் போடும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மெதுவாக நடந்து போட்டுவிடுவேன். மாவு ஐந்து கிலோ வாங்கி வைத்தாயிற்று. வட்டங்கள் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
கடைசியாக வருகிற அக்கா,
காத்ர் போர்ன்