முன்பாடத்தைத் தாளில் கொடுக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு வந்த 'தலைகீழ் வீட்டுப்பாடம்' சுற்றறிக்கை பற்றித்தான் இந்த மடல். விளக்கத்தை வீட்டில் வீடியோவில் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பில் பேசட்டும் என்பது நல்ல யோசனை. ஆனால் வீடியோ பார்த்ததற்கு ஸ்கிரீன்ஷாட் வாங்கி, சதவீதம் போட்டு, குறைந்தால் விளக்கம் கேட்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

வீட்டுக்கு ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய், இரவு ஒன்பதுக்குச் சார்ஜ் இறங்கித் திரும்பும். அக்காவுக்குக் கணக்கு, தம்பிக்கு அறிவியல் என்று கைமாறியபின் 12 நிமிட இலக்கண வீடியோவை எப்போது பார்ப்பது? காலையில் ஒருத்தி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டே முப்பது பேருக்கும் போய்விடுகிறது. சதவீதம் நூறு. வாழ்த்துகள்.

பார்க்காதவர்களுக்காக வகுப்பில் மறுபடி விளக்கினால் இன்னும் மோசம். பார்த்து வந்தவள், 'எப்படியும் மிஸ் சொல்லத்தானே போகிறார்' என்று அடுத்த வாரம் விட்டுவிடுவாள்.

வீடியோவுக்குப் பதில், வகுப்புக்கு முன் வீட்டில் செய்துவரும் இந்த முன்பாடத்துக்கு அரைத்தாள் போதும். 100 சொற்களில் ஒரு பத்தி. தெரியாத ஐந்து சொற்களுக்கு அடிக்கோடு, ஊகித்த பொருள், மாணவர் எழுதும் ஒரு கேள்வி. கால் மணி நேர வேலை. மறுநாள் முதல் ஐந்து நிமிடம் இருவர் இருவராகச் சரிபார்ப்பார்கள். செய்யாதவர் பின்வரிசையில் அதை முடித்துவிட்டுச் சேர்ந்துகொள்வார். மீதி நாற்பது நிமிடமும் பேச்சுக்கு. அங்கேதான் பிழை வெளியே வரும். தமிழில் 'நேற்றே பார்த்திருக்கிறேன்' என்று தாராளமாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பார்கள்; 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என்பதுதான் சரி. விதியை வீடியோவில் பத்து முறை கேட்டாலும் இது போகாது. வாய் திறக்கும்போது பக்கத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும்.

2007-இல் கொலராடோவில் இந்த முறையைப் பரப்பிய இரு வேதியியல் ஆசிரியர்கள்கூட, கணினி இல்லாத பிள்ளைகளுக்கு டிவிடியில் பதிந்து கையில் கொடுத்தார்கள். நமக்குச் சுற்றறிக்கை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே இணையத்தில் ஏற்றும் படிவங்களிலேயே பாதி நாள் போகிறது. கரும்பலகையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லும் நாள் தூரத்தில் இல்லை.

மன்னிக்கவும், கேட்க வந்தது மூன்றுதான். முன்பாடத்தைத் தாளில் கொடுக்க அனுமதியுங்கள். அரைத்தாளுக்கான நகல் செலவைப் பள்ளி மானியத்தில் எழுத விடுங்கள். ஸ்கிரீன்ஷாட் கணக்கை அடுத்த பருவத்துக்கு முன் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள்