மீன் குளிர்கிடங்கில் இடம் தந்த அண்ணாச்சிக்கும், மற்ற எல்லாருக்கும்

கர்த்தருக்குள் பிரியமான சேகரத்துச் சபையாருக்கும், ஊர் பேர் சொல்லாமல் வந்து கைகொடுத்தவர்களுக்கும் வாசகசாலைக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

வெள்ளத்தில் வாசகசாலைப் புத்தகங்களும் உங்கள் வீட்டு வேதாகமங்களும் நனைந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. எல்லாரும் பார்த்ததுதான். சுவரில் கறை இன்னும் இருக்கிறது. இது நன்றி சொல்ல எழுதுவது.

முதல் நன்றி அண்ணாச்சிக்கு. பெயர் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டதால் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். கடற்கரைப் பக்கம் ஏற்றுமதி மீன் வைக்கிற ஒரு குளிர்கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். நம் சபைக்காரர் இல்லை. ஊரில் கரண்ட் இல்லாத நேரத்தில் நனைந்த புத்தகங்களைக் குளிர்ச்சியாக வைக்க அவரிடம் போய்க் கேட்டது ஐஸ் கட்டி மட்டுமே. “ஐஸ் உருகுனா புஸ்தகம் மறுபடி நனையாதா? உள்ளயே கொண்டுவந்து வையுங்க” என்று உறைகுளிர் அறையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்துவிட்டார். வாடகைப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

இது எவ்வளவு பெரிய உதவி என்பது நனைந்த புத்தகத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை கிளம்பிவிடும். ஒரு தடிமனான வேதபுத்தகம் ஒழுங்காகக் காய ஒரு வாரம் பிடிக்கும், மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரித்துப்போட இடமும் கிடையாது, ஆளும் கிடையாது. மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்விட்டால் மை பரவுவது, பசை இளகுவது, பூஞ்சை வளர்வது எல்லாம் அந்தந்த நிலையிலேயே நின்றுவிடும். பூஞ்சை செத்துவிடாது, தூங்கும், அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் தூங்கவைக்கலாம். எத்தனை புத்தகத்தை உலர்த்த முடியுமோ அத்தனையை மட்டும் வெளியே எடுத்தால் போதும். அண்ணாச்சி கொடுத்தது இந்த அவகாசத்தை.

அங்கே மீன் பொதி கட்டுகிற அக்காமாருக்கும் இதிலே பங்கு உண்டு. ஈரப் பொருளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உறைய வைத்தால் முழுக் கட்டியாகிவிடும், பிறகு உடைத்துத்தான் பிரிக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தொழில் பாடம். ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாகப் பாலித்தீன் தாளில் சுற்றி, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி பெட்டியில் நிறுத்தி, நெருக்காமல், ஒரே வரிசையாக அடுக்கினார்கள். பழுதுபார்க்கிறவர்கள் சொல்லித்தருவதும் இதே முறைதான். (புத்தகங்களில் மீன் வாடை அடிக்கிறதா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. புதுப் பெட்டிகள்தான் கொடுத்தார்கள்.)

எல்லாப் புத்தகத்தையும் உறைய வைக்கவில்லை. இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு என்று தெரியும். வேதாகமச் சங்கத்தின் சாதாரணப் பதிப்பு, இன்றும் கடையில் கிடைக்கிற தியானப் புத்தகங்கள், பாமாலை, கீர்த்தனைப் புத்தகம் இவற்றை உலர்த்துகிற உழைப்புக்குப் புதிதாக வாங்குவதே மேல். வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட சிறுவர் படக்கதைகளையும், புத்தாண்டு ஆராதனைக்கு வந்திருந்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளையும் விட்டுவிட்டோம். அந்தத் தாளின் மேல்பூச்சு நனைந்தால் பசையாகிறது. ஈரமாக இருக்கும்போதே ஏட்டுக்கு ஏடு தாள் வைத்துப் பிரித்தால் உண்டு, ஒட்டிக் காய்ந்துவிட்டால் கிழியுமே தவிரப் பிரியாது.

உள்ளே போனவை மறுபடி கிடைக்காதவை மட்டும். முதல் இடம் உங்கள் வீட்டுக் குடும்ப வேதாகமங்களுக்கு. பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் எழுதிவைத்த முன்பக்கங்கள் வேறெங்கும் இல்லை. அடுத்தது அச்சில் இல்லாத பழைய பதிப்புகள். கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் அதில் ஒன்று. பழைய புத்தகங்களில் பல, பிரிவு பிரிவாக நூலால் தைத்தவை. அட்டை போனாலும் உடல் கலையவில்லை. வெறும் பசையில் நின்றவைதான் ஏடு ஏடாக உதிர்ந்தன.

முன்பக்க எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தாமார் நீலக்கறுப்பு மையில் எழுதியவை பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. அந்த மையில் உள்ள இரும்புச் சத்து தாளைக் கவ்விக்கொள்ளும். பால்பாயின்ட் பேனாவும் தப்பியது, அது எண்ணெய் மை. ஜெல் பேனாவும், தண்ணீரில் கழுவினால் போய்விடும் நீல மையும்தான் கரைந்தன. இனிமேல் பேரப்பிள்ளை பிறந்த தேதியை எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்னும் நனைந்த வேதாகமம் வைத்திருப்பவர்கள் அதை வெயிலில் வைக்காதீர்கள். ஏடு சுருளும், ரெக்சின் அட்டை வெடிக்கும். இஸ்திரிப்பெட்டியும் வேண்டாம். சேறு இருந்தால் புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்து நல்ல தண்ணீரில் முக்கி, பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக்கூடாது. வேதாகமத் தாள் மிக மெல்லியது. சொட்டச் சொட்ட இருக்கும்போது ஏடு ஏடாகப் புரட்டினால் கையோடு வந்துவிடும். நீர் வடிந்தபிறகு இருபது ஏட்டுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாளை நுழையுங்கள். நுழைத்த தாள்கள் எல்லாம் சேர்ந்து புத்தகத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு பிளந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மின்விசிறி அறையில் ஓடட்டும், புத்தகத்தின் முகத்துக்கு நேரே வேண்டாம். நடுப்பக்கத்தைத் திறந்து கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது. சிறு பிரதிகளில் ஸ்டேப்ளர் பின்னை முதலிலேயே கழற்றிவிடுங்கள், துரு ஏறினால் நடு ஏடே போய்விடும்.

வாலிபர் சங்கப் பிள்ளைகள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார், அச்சில்லாத தாள்கட்டுகளை அனுப்பிய அச்சகத்தார், புதுப் பிரதிகளைக் கட்டிக் கொடுத்த புத்தகக் கடைக்காரர்கள், டீ போட்டுத் தந்த வீட்டார், போதகர் வீட்டு ஐயரம்மா, சபை ஊழியரான உபதேசியார், லோடு ஆட்டோ ஓட்டிய தம்பிமார், எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றி. தனித்தனியாகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவோம்.

புதுப் பிரதிகள் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வாசகசாலைப் புத்தகங்களில் பாதி ஆஸ்பத்திரிக்கும் துக்கவீட்டுக்கும் போகிறவை. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் மறு கையால் பிடிக்கிற மாதிரி இருக்கவேண்டும்: அறுபது பக்கத்துக்குள், எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல், திறந்தால் தானாக மூடிக்கொள்ளாத கட்டு. தேதி போட்ட தியானப் புத்தகத்தைவிடத் தேதி இல்லாதது நல்லது. நாலு நாள் மயக்கத்தில் கிடந்தவருக்கு விட்டுப்போன பக்கங்கள் குற்றவுணர்வைத்தான் தரும். சுகம் நிச்சயம் என்று அடித்துச் சொல்கிற புத்தகங்களை வார்டுக்குக் கொண்டுபோவதில்லை. சுகம் வராதபோது ‘எனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று நோயாளி தன்னையே நொந்துகொள்கிறார். குடும்ப வாழ்க்கைப் புத்தகம் என்றால் இரண்டு பிரதி. மனைவி கையில் மட்டும் கொடுத்தனுப்பினால், அது கணவனுக்குப் புகார் மனு மாதிரித்தான் தெரியும். துக்கவீட்டுக்கு முதல் வாரத்தில் வேதாகமத்துச் சங்கீதங்கள் மட்டும் போதும். புத்தகத்தை ஒரு மாதம் கழித்து, கூட்டம் கலைந்தபிறகு கொண்டுபோங்கள்.

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டில் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். நோயாளிகளுக்கென்று நலமாயிருப்பவர்கள் எழுதுவது படுக்கையில் இருப்பவருக்கு எட்டுவதில்லை என்று உணர்ந்து, நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். புத்தகம் பொறுக்கும்போது இந்த அளவுகோல் ஒன்றே எங்களுக்குப் பெரும்பாலும் போதும்: எழுதியவர் அந்தப் பாடு பட்டவரா?

இன்னொன்றும் இந்த வெள்ளத்தில் தெரிந்தது. இரவல் போயிருந்த புத்தகங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, அலமாரியில் அடுக்கிவைத்தவைதான் போயின. ஆகவே இனிமேல் இரவலுக்குக் கெடு கிடையாது, அபராதமும் கிடையாது. கீழ்த்தட்டு தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில்தான் தொடங்கும்.

முதல் தவணையாக உலர்ந்த குடும்ப வேதாகமங்கள் ஆலயத்துப் பின்னறையில் பலகைகளுக்கு நடுவே பாரம் வைத்து அழுத்தப்பட்டிருக்கின்றன. ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்து வந்து, முன்பக்கப் பெயர்களைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் கொஞ்ச நாள் இரும்புப் பெட்டியிலோ மூடிய அலமாரியிலோ வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் வாயால் ஊதாதீர்கள். மூக்கை மூடிக்கொண்டு, வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் துடைத்து எங்களிடம் கொண்டுவாருங்கள். மற்றவை அண்ணாச்சியிடம் உறைந்து கிடக்கின்றன. அடுத்த தவணை எப்போது என்பதை ஆராதனை அறிவிப்பில் வாசிப்போம்.

வாசகசாலைக் குழு