அறையை அமைக்கும் முன் அளந்து பார்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வேலையில் சேர்ந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்கள் ஆசிகளை அவனிடம் சொல். இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது.

நிலவறையை அவனுக்குப் படுக்கையறையாக மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டில் ரேடான் என்ற கதிரியக்க வாயு குறைவாக இருக்கும்போது நாமும் எதற்கு அளக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். கட்டாயம் அளந்து பார், சுந்தரம். பக்கத்து வீட்டுக் கணக்கு உன் வீட்டுக்கு ஒத்துவராது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து இந்த வாயு பிறக்கிறது. வீட்டுக்குள் சூடான காற்று மேலே எழும்போது கீழே அழுத்தம் குறைந்து, தரையின் விரிசல்கள், குழாய் நுழையும் இடுக்குகள் வழியாக மண்ணிலுள்ள காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. விரிசலும் மண்ணும் வீட்டுக்கு வீடு வேறு. நிறமும் மணமும் இல்லாததால் கருவி இல்லாமல் கண்டுபிடிக்க வழியே இல்லை.

1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மின் உற்பத்தியைத் தொடங்காத ஓர் அணுமின் நிலையத்தில் கதிரியக்க எச்சரிக்கை மணி அடித்தது. அதற்குக் காரணம் அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர். ரேடானின் கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து அவரோடு வந்திருந்தது. அந்த வீட்டில் அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு)! உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு 100. அதற்கு வழியில்லாத இடங்களிலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது.

ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம் என்ற கதிரியக்கத் தனிமம் நுரையீரலில் படிந்து, ஆல்ஃபா துகள்கள் என்ற கதிர்வீச்சை வீசுகிறது. நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய 16 சதவீதம் ஏறுகிறது. புகைப்பவர்களுக்கு அந்தப் புற்றுநோய் அபாயமே பல மடங்கு. நீ சிகரெட்டை விட்டதை நினைத்து இப்போது இன்னும் அதிகமாகச் சந்தோஷப்படுகிறேன்.

ரேடானைப் பிடித்துவைத்து அளக்க உதவும், சில நாள் வைக்கும் கரி டப்பா போதும், தொடங்குவதற்கு. வைப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே கதவு, ஜன்னல்களைச் சாத்தி வை. மனிதர் மூச்சுவிடும் உயரத்தில், குளியலறைக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வை. அளவு நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், மூன்று மாதத்துக்கு மேல் வைக்கும் கருவி சொல்வதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

எங்கள் வீட்டில் 300-க்கு மேல் காட்டியது. விரிசலை அடைத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். அடைப்பது உதவும், ஆனால் அது மட்டும் போதாது. தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, மின்விசிறியால் அடிமண்ணின் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றுவதுதான் நிலையான வழி. வந்த தொழிலாளி அறையின் எதிர்மூலையில் விரல் நுழையாத ஒரு துளை போட்டு, அதன் வாயில் புகையைக் காட்டினார். புகை வளைந்து நேராகத் துளைக்குள் இறங்கியது. உறிஞ்சும் விசை தளத்தின் மறுகோடிவரை எட்டுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி என்றார். அந்த வேலைநேர்த்தி எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. விசிறியை வீட்டுக்குள் பொருத்த விடாதே. கூரைக்கு அடியில் ஆள் புழங்காத பரண் அல்லது வெளிச்சுவர்தான் அதற்கு இடம். விசிறியைத் தாண்டிய குழாயில் காற்று வெளித்தள்ளும் அழுத்தத்தோடு போகும். அங்கே ஒரு கசிவு இருந்தால் செறிந்த ரேடான் அறைக்குள்ளேயே கொட்டும். குழாயில் நிறநீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்றை மாட்டச் சொல். இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமாகிவிட்டால் உறிஞ்சல் நின்றுவிட்டது என்று பொருள். வேலை முடிந்ததும் மறுபடியும் அளந்தோம். 60-க்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கச் சொல்கிறார்கள், அப்படியே செய்யப்போகிறோம்.

அளவு தெரியும்வரை தரைவிரிப்பு போடுவதைத் தள்ளிவை. குழாய் இறக்க நேர்ந்தால் பிய்க்க வேண்டிவரும். முடிவு வந்ததும் எண்ணை அப்படியே எழுதி அனுப்பு, தொழிலாளியிடம் என்னென்ன கேட்பது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
இராமநாதன்